பன்னிரண்டாம் பக்கத்தில் நிறுத்தப்பட்ட நொகாய்க் குறிப்பேட்டை அழிக்காமல் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
முத்தையா ஜனுஷன்,
(மின்னியல் தொழில்நுட்ப உயர் டிப்ளோமா)
5ஆம் லயம், கடைசி அறை,
ஹெதர்பர்ன் தோட்டம், கீழ்ப்பிரிவு,
ஸ்பிரிங்வெளி வழி, பதுளை.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
பிறமொழி ஆவணப் பரிசீலனைப் பிரிவு,
ஊவா உப அலுவலகம்,
பதுளை.

விடயம்: 2025.06.14 அன்று அழிக்கப்படவிருக்கும் கையெழுத்துக் குறிப்பேடு ஒன்றை, அழிக்கும் முன் அது என்ன என்று தெரிந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2025 மார்ச் 16ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி 20 நிமிடம். இருபத்தைந்து பக்கக் குறிப்பேடு ஒன்றில் பதினொரு பக்கமும் மூன்று வரியும் ஒரு சொல்லும் வாசிக்கப்பட்டிருந்தன. அடுத்த சொல்லின் மேல் தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் கையை வைத்தார். இன்றோடு எழுபத்தொன்பது நாள். கை இன்னும் எடுக்கப்படவில்லை.

அந்தக் கையை எடுக்கும்படி கேட்பதே இம்மனு. ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் தங்கள் அலுவலகப் பதிவில் இந்த விடயம் பற்றி எழுதப்பட்டிருப்பதை வாசித்த பிறகு எனக்கே என்மீது கொஞ்சம் பயம் வந்துவிட்டது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாக வாசிக்கவும். நான் எழுபத்தொன்பது நாள் பொறுமையாக இருந்திருக்கிறேன், எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

1. என் வயது இருபத்தாறு. 2022 முதல் 2024 நவம்பர் வரை ருமேனியாவின் கொன்ஸ்டான்சா துறைமுகத்தில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் மின் வேலை செய்தேன். இப்போது பதுளையில் பாதுகாப்புக் கெமரா பூட்டுவதும் பழுதுபார்ப்பதும் தொழில். தங்கள் அலுவலக வாசலில் இருக்கும் கெமரா நான் பூட்டியதல்ல. நான் பூட்டியிருந்தால் அது வாசலைப் பார்த்திருக்கும். இப்போது அது சுவரைப் பார்க்கிறது.

2. அந்தப் பட்டறையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர் ஸைனப் அக்கா. வயது ஐம்பத்திரண்டு. கையுறை கேட்டால் பழைய கையுறையைக் காட்டச் சொல்வார். குளிர் கூடிய நாளில் கேட்காமலே இரண்டு சோடி தருவார். அவருடைய வீட்டு மொழியின் பெயர் நொகாய். துருக்கி மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் துருக்கி மொழி அல்ல. தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பம் என்பதற்காகத் தெலுங்குக்காரர் இந்த மனுவை வாசித்துவிட முடியாது அல்லவா, அதுபோல. அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் அது இருக்கிறது. ஸைனப் அக்காவின் தெருவில் அதைப் பேசத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். அதிலும் இரண்டு பேர் வேலித் தகராறில் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

3. அந்த மொழிக்குப் பேசுகிறவர்கள்தான் பஞ்சம், எழுத்துப் பஞ்சமில்லை. மூன்று வகை உண்டு. ரஷ்யப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் 1928 வரை அரபு எழுத்தில் எழுதினார்கள். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. லத்தீன் எழுத்து வந்தது. பத்து வருடத்தில் மேலிடத்துக்கு அதுவும் சலித்துவிட்டது. 1938இல் ரஷ்ய எழுத்து வந்தது. ருமேனியப் பக்கத்தில் இருந்தவர்கள் அரபு எழுத்தை இன்னும் சில காலம் வைத்திருந்து, பிறகு பள்ளிக்கூடத்தில் கற்பித்த லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு கையொப்பம்; அதற்குப் பிறகு ஒரு வீட்டில் தகப்பன் எழுதியதை மகன் வாசிக்க முடியாது. எழுத்தைப் பார்த்ததும் பயப்படும் அலுவலகங்களுக்கு உலகத்தில் நீண்ட பாரம்பரியம் இருக்கிறது என்பதைத் தங்கள் மகிழ்ச்சிக்காகக் குறிப்பிடுகிறேன்.

4. இனிக் குறிப்பேடு. ஸைனப் அக்காவின் தாய்மாமன் பெயர் காமில். தகப்பனிடம் அரபு எழுத்துப் படித்தவர். 1951இல் இந்தக் குறிப்பேட்டைப் பென்சிலால் எழுதினார். அடுத்த வருடம் அவரைப் பிடித்துக்கொண்டுபோய், கால்வாய் வெட்டும் தண்டனை முகாமில் போட்டார்கள். அவர் திரும்பவில்லை. அவருடைய தங்கை, அதாவது ஸைனப் அக்காவின் தாயார், அப்போது பதின்மூன்று வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் லத்தீன் எழுத்து மட்டும் படித்தவர். இன்று அவருக்கு எண்பத்தாறு வயது. அண்ணன் எழுதியது எழுபது வருடத்துக்கு மேல் அவர் கையிலேயே இருந்தும், அதில் ஒரு சொல்லைக்கூட அவர் அறிந்ததில்லை. ஒளித்து வைத்த இடத்தில் ஈரம் இறங்கி, மை கொட்டி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் எழுத்தே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

5. இந்த இடத்தில் என் குற்றத்தை நானே எழுதித் தருகிறேன், தங்களுக்கு வேலை மிச்சம். பாதுகாப்புக் கெமராவில் இருட்டில் பார்ப்பதற்கென்று அகச்சிவப்பு விளக்கு உண்டு. அந்த ஒளியில் மைக்கறை பெரும்பாலும் மறைந்து, பென்சில் கோடு கறுப்பாக எழும்பி நிற்கும். இதை நான் ஊருக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். யோசித்ததோடு நிற்காமல் ஸைனப் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் தயங்கினார். "அம்மாவிடம் இருப்பது இது ஒன்றுதான் தம்பி" என்றார். நான் விடவில்லை. பதிவுத் தபாலில் போடுங்கள், எங்கள் நாட்டில் ஒரு தாள்கூடக் காணாமல் போகாது என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கு பொய்யாகவில்லை. தாள் காணாமல் போகவில்லை. எந்த அலுமாரியில், எந்த இலக்கத்தில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

6. பெப்ரவரி 10ஆம் திகதி பொதி வந்தது. அதில் குறிப்பேட்டோடு இரண்டு அச்சுப் புத்தகங்களும் இருந்தன. இரண்டும் நொகாய்ப் பாட்டுப் புத்தகங்கள். ஒன்று ரஷ்ய எழுத்தில், மற்றது லத்தீன் எழுத்தில். எழுத்தைச் சரிபார்க்க உதவும் என்று ஸைனப் அக்கா சேர்த்து அனுப்பியிருந்தார். கொழுந்து நிறுக்கும் பழைய தராசு ஒன்றின் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் குறிப்பேட்டை வைத்து, மேலே ஒரு கெமரா, சுற்றி நான்கு அகச்சிவப்பு விளக்கு, பக்கத்தில் ஒரு திரை. செலவு சொற்பம். வேலை செய்தது. முதல் பக்கம் திரையில் எழும்பியபோது எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் எது எழுத்துக்குரிய புள்ளி, எது பூச்சி அரித்த புள்ளி என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் படித்தது மின்சாரம்.

7. ஸைனப் அக்கா முதல் பக்கத்தின் படத்தை அவர்களுடைய ஊர்ப் பள்ளிவாசல் இளம் இமாமிடம் காட்டினார். அச்சு என்றால் வாசிப்பேன், இந்தக் கிறுக்கல் எனக்கு ஓடாது என்று அவர் கைவிரித்துவிட்டார். அதனால் நான் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் இத்ரூஸ் நானாவிடம் போனேன். அவர் கடைக்குக் கெமரா பூட்டியவன் என்ற முறையில்தான் பழக்கம். நானாவின் வாப்பா தமிழைக் கடைசிவரை அரபு எழுத்தில் எழுதியவர், அறபுத்தமிழ் என்பார்கள். புள்ளியைப் பாதி விட்டு, சொல்லைப் பாதி விழுங்கி எழுதும் அந்தக் கையெழுத்தை வாசித்தே வளர்ந்தவர் நானா. நான் கருவிகளை அவர் கடை மாடியில் பூட்டியதும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "அறபெழுத்துத்தான் தம்பி, ஆனா அறபு இல்ல. எழுத்து ஓடுது, கருத்துத்தான் ஓடல்ல" என்றார்.

8. தொலைபேசியில் ஸைனப் அக்காவை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, சும்மா ஒரு பரீட்சைக்கு நானாவை வாசிக்கச் சொன்னேன். அவர் நான்கு வரி வாசித்தார். அந்தப் பக்கத்தில் யாரோ கத்துவது கேட்டது. ஸைனப் அக்காவின் தாயார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "இந்த ஆளுக்குப் பல் இல்லையா, குதிரையைக் கழுதை மாதிரி உச்சரிக்கிறான், மறுபடி சொல்லச் சொல்" என்கிறார், தம்பி, அம்மாவுக்கு விளங்குகிறது என்றார் ஸைனப் அக்கா. நானா, "பல்லுக்கு என்ன கொறை, முப்பத்திரெண்டும் இரிக்கி" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து மறுபடி வாசித்தார்.

9. ஐயா, தங்கள் பிரிவின் பெயரிலேயே "மொழி" என்று இருப்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பதுளையில் இருக்கும் ஒருவருக்கு அதை வாசிக்க முடியும், ஒரு சொல்லும் விளங்காது. ருமேனியாவில் இருக்கும் ஒருவருக்கு எல்லாம் விளங்கும், ஓர் எழுத்தும் வாசிக்க முடியாது. இருவருக்கும் நடுவில் ஒரு தொலைபேசி. இந்த முறையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. அதில் மூன்று நோன்பு மாதத்தில் வந்தன. நானா தொண்டை வரண்டு, தண்ணீர் குடிக்காமல், ஒவ்வொரு வரியையும் இரண்டு மூன்று தரம் வாசித்தார். அந்த அம்மா திட்டித் திட்டித் திருத்தினார். ஸைனப் அக்கா விளங்கியதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். மூன்றாவது வாரம் நானா துள்ளினார்: "கோய் எண்டா ஆடு தம்பி! எனக்கு வெளங்கிட்டு!" நொகாய் மொழி பேசுவோர் தொகையைக் கணக்கெடுப்பவர்கள் விரும்பினால் பதுளையில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம்.

10. வாசித்த பதினொரு பக்கத்தில் இருந்தது என்ன? தேசியப் பாதுகாப்புக்கு உதவும் என்பதால் முழுமையாகத் தருகிறேன். குதிரை பற்றி ஒரு பாட்டு. ஆட்டுக்குக் குளம்புப் புண் வந்தால் வைக்கும் மருந்து. பக்கத்து வீட்டுக்காரன் பஞ்சாயத்துக்குப் போய்த் தன் பெயரையே மாற்றிச் சொன்ன கதை. ஒன்பதாம் பக்கத்தில், அத்தையைப் பற்றி ஒரு பத்தி: அவருக்கு மூன்று பிள்ளைகள்; மூத்தவன் வாப்பாவின் எழுத்தில் கடிதம் எழுதுகிறான், எல்லைக்கு அப்பால் போன நடுவன் ரஷ்ய எழுத்தில் எழுதுகிறான், சின்னவன் பள்ளிக்கூட எழுத்தில் எழுதுகிறான்; மூன்று பேரும் ஒரே தாயிடம் ஒரே விடயத்தைத்தான் கேட்கிறார்கள், கோழி சுகமா என்று; தாய்க்கு எந்த எழுத்தும் தெரியாது, மூன்று கடிதத்தையும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குகிறாள். இதைக் கேட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி இரைந்தது.

11. பதினோராம் பக்கத்தின் கடைசி வரி: "என்னைக் கொண்டுபோய்விட்டால் தங்கைக்குச் சொல்ல வேண்டியவை." இதை வாசித்தபோது மணி பதினொன்று இருக்கும். நானா என்னைப் பார்த்தார். நான் விளக்கைச் சரிசெய்து, காலையிலேயே பிரித்து வைத்திருந்த அடுத்த தாளைத் திருப்பினேன். பன்னிரண்டாம் பக்கம், முதல் மூன்று வரி: "முதலாவது. உன் ஆட்டுக்குட்டியை விற்றது நான் அல்ல, வாப்பாதான். அவரிடம் கேட்காதே, அவருக்கு வெட்கம்." நாலாவது வரியில் முதல் சொல் "எகின்ஷி". இரண்டாவது என்று பொருள். நானா அந்தச் சொல்லை முடித்தபோது தங்கள் உத்தியோகத்தர்கள் மூன்று பேர் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்கள். ஒருவர் குறிப்பேட்டின் மேல் கையை வைத்தார். திரையில் எழுத்து மறைந்து ஐந்து விரல் தெரிந்தது.

12. தொலைபேசி இன்னும் நிற்கவில்லை. அந்த அம்மா "எகின்ஷி? எகின்ஷி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தங்கள் உத்தியோகத்தர்தான் அதை நிறுத்தினார். அன்றைய பதிவில் இது "வெளிநாட்டுப் பெண் ஒருவர் சங்கேதச் சொல் ஒன்றை ஆறு தடவை உச்சரித்தார்" என்று இருக்கிறது. எண்ணிக்கை சரி. ஆறு தடவைதான்.

13. அதே பதிவில் உள்ள மற்ற விடயங்கள் பற்றி:

"எரியாத மின்விளக்கு நான்கு, நோக்கம் தெரியவில்லை." எரிந்துகொண்டுதான் இருந்தன. அந்த ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாது. தங்கள் வாசல் கெமராவிலும் அதே விளக்கு இருக்கிறது, சுவருக்குப் பயன்படுகிறது.

"தராசு வடிவிலான கருவி." அது தராசு வடிவம் அல்ல. தராசு. தோட்டத்தில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

"அரபு மொழி நூல், மதம் சார்ந்தது." அரபு எழுத்தில் இருந்தால் அரபு மொழி என்பது தங்கள் பிரிவின் முடிவு. மார்ச் 28ஆம் திகதி தங்கள் உத்தியோகத்தர் எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். நாளை பத்து மணிக்கு அலுவலகம் வரவும் என்று தமிழில், ஆனால் ஆங்கில எழுத்தில். அந்த முடிவின்படி அது ஆங்கிலம். நான் அதைத் தமிழ் என்று நினைத்துப் போய்விட்டேன், மன்னிக்கவும். அன்று அலுவலகம் பூட்டியிருந்தது. சனிக்கிழமை.

"அச்சு நூல் இரண்டு, ஆட்சேபணை இல்லை, திருப்பி ஒப்படைக்கப்பட்டது." இதற்கு நன்றி. ஆனால் ஒரு சிறு விடயம். குறிப்பேட்டின் முதல் பக்கத்துக் குதிரைப் பாட்டு அந்த இரண்டு அச்சு நூலிலும் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் அதே பாட்டு. ரஷ்ய எழுத்தில் அந்தக் குதிரைக்கு ஆட்சேபணை இல்லை. லத்தீன் எழுத்தில் ஆட்சேபணை இல்லை. அரபு எழுத்தில் அதே குதிரை எழுபத்தொன்பது நாளாக லாயத்தில் கட்டிக் கிடக்கிறது. குதிரை எந்த இடத்தில் திசை மாறியது என்று தெரிவித்தால் நன்று.

14. அடுத்து, நான் விசாரணைக்கு வராதவன் என்ற குற்றச்சாட்டு. ஏப்ரல் 22ஆம் திகதி வரும்படி தாங்கள் அனுப்பிய கடிதம் லயத்துக்கு வரவில்லை. எங்கள் அறைகளுக்குத் தபால் இலக்கம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்ட ஒப்பீசுக்குப் போய், பெரிய கிளாக்கருக்கு நேரம் கிடைக்கும்போது வெளியே வரும். இந்தக் கடிதத்துக்கு ஏப்ரல் 26ஆம் திகதி நேரம் கிடைத்தது. அதுவும் காலைப் பெரட்டில், வேலைக்கு நிற்கும் நூற்றுப் பத்துப் பேர் முன்னால், "முத்தையா ஜனுஷன், அரபுப் புத்தகக் கேஸ்" என்று உரத்து வாசிக்கப்பட்டு. அங்கே நின்றது நான் அல்ல, கொழுந்துக் கூடையோடு என் அம்மா விஜயலெட்சுமி. கங்காணி கேட்டாராம்: "என்னா விஜயலெச்சுமி, மவன் அரபு நாட்டுக்குப் போறானா, இல்ல அரபு நாட்டையே இங்க கூட்டியாந்துட்டானா?" அம்மா சொன்னது: "அவன் எங்க போனாலும் ஒங்க பெரட்டுக்கு வரமாட்டான், கங்காணி." அன்று வேலை முடியும்வரை நிமிர்ந்துதான் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்துதான் அழுதார்.

நான்கு நாள் பிந்திக் கிடைத்த அழைப்புக்கு நான் நான்கு நாள் முந்தி வரவில்லை என்பதே என்மீதுள்ள குற்றம். தொண்ணூறு நாளுக்குள் உரிமை கோரி ஆஜராகாத பொருள் அழிக்கப்படும் என்ற விதியின்கீழ் ஜூன் 14ஆம் திகதி குறிக்கப்பட்டிருக்கிறது. நான் தங்கள் அலுவலகத்துக்கு ஏழு தடவை வந்திருக்கிறேன். வருகைப் புத்தகத்தில் என் கையொப்பம் ஏழு இருக்கிறது. "ஆஜர்" என்பதற்குத் தங்கள் பிரிவில் வேறு பொருள் உண்டோ தெரியவில்லை.

15. கடைசித் தடவை, மே 27ஆம் திகதி, எனக்கு ஒரு வழி சொல்லப்பட்டது. குறிப்பேட்டின் முழு உள்ளடக்கத்துக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் மொழிபெயர்ப்பைச் சமர்ப்பித்தால் பரிசீலிக்கலாம். மொழிபெயர்க்கக் குறிப்பேட்டைத் தாருங்கள் என்றேன். மொழிபெயர்ப்பு வந்த பிறகுதான் குறிப்பேட்டைத் தரலாம் என்றார்கள். படத்தையாவது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஐயத்துக்குரிய ஆவணத்தைப் படமெடுக்க முடியாது என்றார்கள். இலங்கையில் நொகாய் மொழிக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை என்றேன். அப்படியானால் அப்படி ஒரு மொழி இருப்பதற்கு என்ன ஆதாரம் என்று ஓர் உத்தியோகத்தர் கேட்டார். அந்த ஞாயிறு தொலைபேசியை நிறுத்தியவர் அவர்தான்.

இந்த வழியை எனக்கு எழுத்திலும் தந்தார்கள், சிங்களத்தில் மட்டும். நான் முன்பு கொடுத்திருந்த கோரிக்கைக் கடிதம் தமிழில் இருந்தது. அதை விளங்கிக்கொள்ள நானும் ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் மீது தங்கள் அலுவலகத்துக்கு இருக்கும் பிரியம் அப்போதுதான் விளங்கியது.

16. படம் பற்றிய என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டிய தாளை ஆவி காட்டிப் பிரிக்கவே ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் போகும். நானா வாசிக்க வாசிக்க விளக்கைச் சரிசெய்து, பக்கம் முடிந்த பிறகே படத்தைச் சேமிப்போம். அதனால் பதினொரு பக்கத்தின் படம் என்னிடமும் ஸைனப் அக்காவிடமும் இருக்கிறது. பன்னிரண்டின் படம் இல்லை. சேமித்துவிட்டு வாசித்திருக்க வேண்டும். டிப்ளோமா எடுத்தவன் செய்யக்கூடாத வேலை, செய்தேன். ஆகவே, தங்கள் அலுமாரியில் இருக்கும் அந்தப் பதினான்கு பக்கங்களுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

17. ஸைனப் அக்காவின் தாயாருக்கு ஏப்ரல் மாதம் நெஞ்சுவலி வந்து, இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் வைத்து, இப்போது வீட்டில் இருக்கிறார். கட்டிலை விட்டு எழும்புவதில்லை. ஞாயிறு காலையில் மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவச் சொல்லி, தொலைபேசியைக் கிட்டே வைக்கச் சொல்கிறாராம். துணிக்கடைக்காரர் இன்னும் வரவில்லையா என்று கேட்கிறாராம். நோன்பு, பெருநாள், கடையில் வேலை என்று ஸைனப் அக்கா சாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். குறிப்பேட்டை எடுத்துப் போய்விட்டார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இதற்கு முன்னும் ஒருவரை எடுத்துப் போயிருக்கிறார்கள். ஸைனப் அக்கா என்மீது கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஒரு தடவைகூட ஏசவில்லை. "உன் வேலைக்கு ஏதும் பிரச்சினையா தம்பி?" என்றுதான் கேட்டார்.

18. தாங்கள் கெட்டவர்கள் என்று நான் எழுதவில்லை. நோன்பு காலம், துணிக்கடை மாடி, அரபு எழுத்து, எரியாத விளக்கு, ஓதுகிற ஒரு முஸ்லிம் பெரியவர், எழுதுகிற ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பையன், அந்தப் பக்கம் வெளிநாட்டுக் குரல். யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். வந்து பார்ப்பது தங்கள் கடமை. வந்தீர்கள். பார்த்தீர்களா என்பதுதான் என் கேள்வி. எழுபத்தொன்பது நாளில் அதன் ஒரு வரியையாவது யாரையாவது வைத்து வாசித்துப் பார்த்தீர்களா? பார்க்காத பொருளை அழிக்கத் திகதி மட்டும் எப்படிக் கிடைத்தது?

ஆகவே, ஜூன் 14ஆம் திகதிய அழிப்பு உத்தரவை உடனே இடைநிறுத்தி, குறிப்பேட்டை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பதில் எப்படியிருந்தாலும் நான் செய்யப்போவது கீழே இருக்கிறது. பிறகு யாரும் சொல்லவில்லை என்று வேண்டாம்.

1. ஜூன் 5, வியாழக்கிழமை, காலை 9 மணிக்கு இத்ரூஸ் நானாவும் நானும் தங்கள் அலுவலகத்துக்கு வருவோம். நானாவின் வாடிக்கையாளர்கள் அன்று கடை பூட்டியிருப்பதற்கான காரணத்தைத் தங்களிடம் கேட்பார்கள்.

2. குறிப்பேட்டை எங்களிடம் தர வேண்டியதில்லை. தங்கள் மேசையில், தங்கள் உத்தியோகத்தர் கையால், தங்களிடமே இருக்கும் அந்தத் தராசுத் தட்டில் வைக்கலாம். ஒட்டியிருக்கும் தாளை எப்படிப் பிரிப்பது என்று நான் தூர நின்று சொல்கிறேன். விளக்கு எரிகிறதா என்று மட்டும் கேட்க வேண்டாம்.

3. நானா வாசிப்பார். அந்த அம்மா தொலைபேசியில் கேட்பார். ஸைனப் அக்கா ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் எழுதுவேன், தங்கள் உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிடுவேன். தாங்கள் கேட்ட மொழிபெயர்ப்பைப் பெறுவதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே வழி இதுதான். அதில் நாட்டுக்கு ஆபத்தான ஒரு வரி இருந்தால் என்னை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம், வந்த வேலை முடிந்திருக்கும்.

4. அனுமதி இல்லை என்றால், ஜூன் 6ஆம் திகதி இம்மனுவின் பிரதிகளை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பிறகு ஒரு சட்டத்தரணியைப் பிடித்து அழிப்பு உத்தரவுக்கு எதிராக வழக்குப் போடுவேன். கெமரா பூட்டிச் சேர்த்தது கொஞ்சம் இருக்கிறது.

5. ஜூன் 9ஆம் திகதி முதல், அலுவலகம் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும், திறக்கும் நேரத்திலிருந்து பூட்டும் நேரம்வரை வருகையாளர் வாங்கில் உட்கார்ந்திருப்பேன். காலையும் மாலையும் வருகைப் புத்தகத்தில் கையொப்பமிடுவேன்.

6. இவ்வளவுக்கும் பிறகு அது அழிக்கப்பட்டுவிட்டால், அழித்தோம் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம், எந்த எழுத்திலும் எழுதலாம். அதை வாசிக்க நானாவைக் கூப்பிட மாட்டேன். ஸைனப் அக்காவையும் சொல்ல விட மாட்டேன். தொலைபேசியை எடுத்து அந்த அம்மாவிடம் நானே சொல்வேன். அனுப்பச் சொன்னவன் நான்.

திகதி: 2025.06.03
இடம்: பதுளை

இந்த மனுவின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்கும்,

(ஒப்பம்)
முத்தையா ஜனுஷன்